இருட்டில் பிறந்த முதல் வானொலி நாடகமும் ஒட்டுசுட்டானில் நீங்கள் எழுதப்போவதும்

கேள்வி: ஒட்டுசுட்டானில் எங்கள் சனசமூக நிலையப் பிள்ளைகள் சேர்ந்து 20 நிமிட வானொலி நாடகம் ஒன்றை எழுதி ஒலிபரப்புக்குக் கொடுக்க இருக்கிறோம். மேடை நாடகம் போட்டிருக்கிறோம், வானொலிக்கு எழுதியதில்லை. முதல் வானொலி நாடகம் எப்படி எழுதப்பட்டது, எப்படி ஒலிபரப்பானது? நாங்கள் எங்கே தொடங்குவது?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இரண்டு கேள்வி என்றாலும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கேட்கிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாதே என்று கவலைப்பட்டு, அதை வசனத்தால் நிரப்பப் பார்த்தால் நாடகம் கெட்டுப்போகும். கண்ணுக்கு வேலையே இல்லாத ஒரு இடத்தையும் நேரத்தையும் கதைக்குத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும். 1924 இல் லண்டனில் இருந்த ஒரு 23 வயதுப் பொடியன் இதை ஒரே இரவில் கண்டுபிடித்தான். அந்தக் கதையை முதலில் சொல்கிறேன்.

பிபிசி 1922 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. அப்போது வானொலியில் நாடகம் என்றால் மேடை நாடகத்தை ஒலிவாங்கிக்கு முன்னால் வாசிப்பதுதான். 1923 பெப்ரவரியில் ஷேக்ஸ்பியரின் நாடகக் காட்சிகள் சில போயின. அதே ஆண்டு மே 28 ஆம் திகதி 'பன்னிரண்டாம் இரவு' முழுதாகப் போனது. அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி நகரத்து நிலையம் 1922 இலேயே மேடை நாடகங்களை ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. பெரும்பாலும் எல்லாமே கண்ணால் பார்ப்பதற்காக எழுதப்பட்டவை. மேடையில் ஒருவர் கதவைத் திறந்து உள்ளே வருவதைச் சபை பார்க்கும். வானொலியில் வந்தவர் யார், எங்கே நிற்கிறார் என்பது கேட்பவருக்குப் புரிவதற்குள் காட்சி பாதி போய்விடும்.

நைஜல் பிளேஃபெயர் என்ற நாடகத் தயாரிப்பாளரிடம் ஒரு மாலை முழுவதும் குறுநாடகங்களை ஒலிபரப்பும் பொறுப்பு வந்தது. அவற்றில் ஒன்றாவது காதுக்கென்றே எழுதப்பட்டதாக இருக்கட்டும் என்று அவர் விரும்பினார். ரிச்சர்ட் ஹியூஸ் என்ற இளம் எழுத்தாளரிடம் கேட்டார். ஹியூஸ் அன்றிரவே உட்கார்ந்து எழுதி மறுநாள் கொண்டுவந்து கொடுத்தார். பெயர் 'அபாயம்' (Danger). வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தைச் சுற்றிப் பார்க்கப் போன மூன்று பேர்: ஜாக், மேரி என்ற இளம் சோடி, பாக்ஸ் என்ற வயதானவர். திடீரென்று சுரங்கத்தில் விளக்குகள் அணைந்துவிடுகின்றன. நாடகம் தொடங்குவதே விளக்கு அணைந்துவிட்டது என்ற பேச்சோடுதான். அதற்குப் பிறகு வெடிப்பு, பிறகு தண்ணீர் ஏறுகிறது.

இதில் இருக்கும் கெட்டித்தனத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பாத்திரங்களுக்கும் கண் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. ஆகவே "நீ எங்கே நிற்கிறாய்?", "என் கையைப் பிடி", "அது என்ன சத்தம்?" என்று அவர்கள் கேட்பதெல்லாம் அவர்களுக்கே தேவையான கேள்விகள். கேட்பவருக்காக வைத்த விளக்கம் என்று ஒன்றைக்கூடப் பிரித்துக் காட்ட முடியாது. வானொலியின் குறை என்று மற்றவர்கள் நினைத்ததை ஹியூஸ் கதையின் நிலைமையாகவே ஆக்கிவிட்டார். ஒலிபரப்பின்போது, வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று நேயர்களிடமும் சொல்லப்பட்டது.

முதல் ஒலிபரப்பு 1924 ஜனவரி 15 அன்று, சவோய் ஹில் கலையகத்தில் நடந்தது. அந்தக் கலையகங்களில் எதிரொலி வராமல் சுவர் முழுக்கத் தடித்த திரைகள் தொங்கும். அறைக்கு நல்லது, ஆனால் சுரங்கத்துக்கு அது நேர் எதிர். சுரங்கத்துக்குள் தூரத்தில் தொழிலாளர்கள் பாடுவது கேட்கவேண்டும். அதற்கு, வேலையில்லாமல் லண்டன் தெருவில் பாடிக்கொண்டிருந்த வெல்ஷ் சுரங்கத் தொழிலாளர்களைக் கூட்டிவந்து கலையகக் கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நிறுத்தினார்கள். அவர்கள் பாடிக்கொண்டே இருக்க, கதவைத் திறந்தும் மூடியும் பாட்டை உள்ளே விட்டார்கள். வெடிச்சத்தம்தான் பெரிய தலையிடி. அந்தக் காலத்து ஒலிவாங்கியும் கருவிகளும் பெரிய சத்தத்தைத் தாங்காது என்று பொறியியலாளர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். பத்திரிகையாளர்கள் வேறொரு அறையில் ஒலிபெருக்கியில் கேட்பதற்கு வந்திருந்தார்கள். பிளேஃபெயர் அவர்களுக்குப் பக்கத்து அறையில் உண்மையாகவே ஒரு பெரிய வெடியை வைத்தார் என்று ஹியூஸ் பிற்காலத்தில் எழுதினார். வீட்டிலிருந்து கேட்ட சனத்துக்குக் கிடைத்தது மிகச் சின்னச் சத்தம். ஆனாலும் நாடகம் அவர்களைப் பிடித்துவிட்டது. அந்த வெடியைப் பற்றிப் பின்னால் மறுபடி பேச வேண்டும், நினைவில் வைத்திருங்கள்.

அன்று ஒலிப்பதிவு கிடையாது. நடிகர்கள் பேசப் பேச நேரே காற்றில் போனது. எழுத்துப் பிரதி மட்டும் எஞ்சியிருக்கிறது. இவ்வளவு பெயர் பெற்ற ஒரு நாடகத்தின் முதல் ஒலிபரப்பை இனி யாராலும் கேட்க முடியாது என்பது எனக்கு இன்றைக்கும் துக்கம்தான். நீங்கள் செய்யும்போது ஒலிக்கோப்பையும் பிரதியையும் இரண்டு இடத்திலாவது பத்திரப்படுத்தி வையுங்கள்.

நம்முடைய பக்கத்துக்கு வருவோம். கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி தொடங்கியது. தமிழ் வானொலி நாடகத்தை இலங்கையில் ஒரு தனிக் கலையாக வளர்த்தவர்களில் முதலில் சொல்லவேண்டிய பெயர் 'சானா' என்ற சண்முகநாதன். அவருடைய 'லண்டன் கந்தையா' நாடகத்தின் பெயரைச் சொன்னாலே பழைய ஆட்களின் முகம் மலரும். வீட்டில் பேசுகிற யாழ்ப்பாணத் தமிழை வெட்கமில்லாமல் ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவந்ததுதான் அவர் செய்த பெரிய வேலை. பிறகு சில்லையூர் செல்வராசன் எழுதிய 'தணியாத தாகம்' மக்கள் வங்கியின் விளம்பர நிகழ்ச்சியாக வாராவாரம் வந்தது. அது முதலில் திரைப்படச் சுவடியாக எழுதப்பட்டது. படத்துக்கென்று எழுதியதைக் காதுக்கு மாற்றி, சனம் வேலையை விட்டுவிட்டு வந்து கேட்கும் அளவுக்கு ஆக்கினார்கள். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' எதிர்த்திசையில் போனது. வானொலியில் ஓடி, 1976 இல் 'கோமாளிகள்' என்ற படமாக வந்தது.

இவை எல்லாவற்றையும் உங்கள் வன்னியில் சனம் கேட்டது. 1990 க்குப் பிறகு கேட்ட விதம்தான் வேறு. யுத்தத்தால் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் தடைப்பட்ட பொருட்களில் ஒன்று. கிடைத்த பழைய பற்றரியை வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்கள். அதுவும் முடிந்தால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் குரல் தளரும். பிபிசியின் தமிழோசையையும், 1990 நவம்பரில் தொடங்கிப் பிறகு வன்னிக்கு இடம்பெயர்ந்த புலிகளின் குரல் வானொலியில் போன நாடகங்களையும் இப்படித்தான் எத்தனையோ குடும்பங்கள் கேட்டன. லண்டனில் நேயர்களை விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்டார்கள், இங்கே யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆகவே உங்கள் ஊரில் 35 வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லோருமே தேர்ந்த நேயர்கள். வண்டிச் சத்தத்தை வைத்து யாருடைய வண்டி என்று சொல்லக்கூடிய காதுகள் அவை. அவர்களைக் குறைவாக எடைபோட்டு எழுதாதீர்கள்.

சரி, என்ன எழுதலாம்?

ஒட்டுசுட்டான் என்றதும் பிள்ளைகள் முதலில் வன்னி மன்னன் பண்டாரவன்னியனைத்தான் எடுப்பார்கள், அது எனக்குத் தெரியும். கற்சிலைமடு பக்கத்தில் இருக்கும்போது எடுக்காமல் எப்படி இருப்பது! ஆனால் 1803 ஓகஸ்ட் 25 முல்லைத்தீவுக் கோட்டைத் தாக்குதலை அப்படியே வைத்தால், 20 நிமிடமும் வாள் மோதும் சத்தமும் "வெற்றி வேல், வீர வேல்" என்ற கூச்சலுமாகப் போய்விடும். மேடையில் அது நன்றாக இருக்கும். வானொலியில் இரண்டு நிமிடத்துக்குப் பிறகு எது யாருடைய வாள் என்று தெரியாது. பண்டாரவன்னியன்தான் வேண்டுமென்றால் ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவை எடுங்கள். மறுநாள் கற்சிலைமடுவில் ஆங்கிலேயத் தளபதி டிறிபேர்க்கின் படை வந்து விழப்போகிறது. காட்டோரத்தில் இரண்டு காவல்காரர் இருக்கிறார்கள். தூரத்தில் ஒரு ஆட்காட்டிக் குருவி கத்துகிறது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, இந்தமுறை கிட்ட. இரவில் ஆட்காட்டி கத்தினால் ஏதோ நடமாடுகிறது என்று வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மன்னரை ஒரு தடவைகூடப் பேசவிடாமலே அந்த நாடகத்தை எழுதலாம்.

என்னைக் கேட்டால், அதைவிட நல்ல பொருள் வயல் காவல். முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் பெரும்போகம் கதிர் தள்ளியிருக்கும் காலம், இரவு, காவல் கொட்டில். பெரியப்பு ஒருவர், கொழும்பில் வேலைசெய்துவிட்டு ஊருக்கு வந்த பெறாமகன் ஒருவன், சாப்பாடு கொண்டுவந்து மழையில் அகப்பட்டுத் திரும்பிப் போகமுடியாமல் நிற்கும் பெரியப்புவின் மகள். மூன்று குரல் போதும். வயது, ஆண், பெண் என்று குரலிலேயே பிரிந்து கேட்கும். ஹியூஸும் அப்படித்தான் மூவரைப் பிரித்திருந்தார். யானை வருகிறது. இதை எப்படிச் சொல்வது? எனக்கு வாசிக்கக் கிடைக்கும் புதிய பிரதிகள் பெரும்பாலும் இப்படி எழுதுகின்றன:

"ஐயோ அதோ பாருங்கள் பெரியப்பா! கறுத்த பெரிய யானையொன்று தும்பிக்கையைத் தூக்கியபடி தென்னங்கன்றைத் தாண்டி எங்கள் கொட்டிலை நோக்கி வருகிறது!"

யானை முன்னால் நிற்கும்போது எவன் தங்கச்சி இப்படிப் பேசுவான்? இதையே காதுக்கு எழுதினால்:

(தவளைச் சத்தம் இடைவிடாமல். மழை விட்டுச் சொட்டுகிறது.)
பெறாமகன்: கொழும்பில எண்டா இந்த நேரம்...
பெரியப்பு: பேசாத.
பெறாமகன்: என்ன பெரியப்பு?
பெரியப்பு: தவளை கத்தேல்ல.
(அமைதி.)
மகள்: (மெல்ல) அப்பா, ரோச்...
பெரியப்பு: அடிக்காத. எந்தப் பக்கம் எண்டு தெரியாமல் அடிக்காத.
(தூரத்தில் ஈர மண்ணிலிருந்து கால் இழுபடும் சத்தம். ஒன்று. பிறகு ஒன்று.)

யானை என்ற சொல்லே வரவில்லை, ஆனால் யானை வந்துவிட்டது. தவளைச் சத்தம் நின்றதுதான் அந்த வருகை. வானொலியில் ஒரு சத்தத்தைத் தொடங்குவதைவிட, ஓடிக்கொண்டிருந்த சத்தத்தை நிறுத்துவது பலமான கருவி. ஆனால் ஒன்றை நிறுத்துவதற்கு முதல் அது போதிய நேரம் ஓடியிருக்கவேண்டும். அந்தத் தவளைகள் குறைந்தது மூன்று நிமிடமாவது பின்னால் கத்தியிருந்தால்தான் நிற்கும்போது முதுகு சில்லிடும்.

ஊர்ப் பேச்சை அப்படியே எழுதுங்கள். "வான் பாயுது", "சூடு மிதிக்கிறது", "அருவி வெட்டு" எல்லாம் உங்கள் சொற்கள், அவற்றுக்குப் பக்கத்தில் விளக்கம் வைக்கவேண்டாம். கேட்பவருக்கு ஒரு சொல் தெரியாவிட்டாலும், அதைச் சொல்கிற குரலின் அவசரம் தெரியும்.

இனி, கேட்கத் தயங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிற ஒன்று. பங்கர், யுத்தகாலத்துப் பதுங்குகுழி. காதுக்கான நாடகத்துக்குப் பங்கரைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் இல்லை. இருட்டு, நெருக்கம், வெளியே நடப்பதைச் சத்தத்தால் மட்டும் அறிகிற மனிதர்கள். ஹியூஸின் சுரங்கம் அவருக்குக் கற்பனை, நம்மவர்களுக்கு அது முற்றத்தில் வெட்டியிருந்த குழி. எழுதவேண்டும் என்றுதான் சொல்வேன். உங்கள் தலைமுறை எழுதாவிட்டால் அந்த இருட்டுக்குள் மனிதர்கள் என்ன பேசினார்கள், எதற்குச் சிரித்தார்கள், யார் யாருடைய மடியில் நித்திரையானார்கள் என்பதெல்லாம் போய்விடும். ஆனால் வெடிச்சத்தம் வைக்காதீர்கள். கிபிர் போர்விமானச் சத்தம் வைக்கவே வைக்காதீர்கள். இணையத்தில் எடுத்து ஒட்டுவது இன்று ஒரு நிமிட வேலை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். வானொலி அனுமதி கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வருவதில்லை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் ஒரு தாய், 2009 இல் பிள்ளையைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். அந்தச் சத்தத்தை அவர் காதில் திரும்பப் போட நமக்கு உரிமை இல்லை. கலை என்ற முறையிலும் அது தேவையில்லை. லண்டன் நேயர்களுக்கு வெடி சரியாகக் கேட்கவே இல்லை, ஆனாலும் நாடகம் எடுபட்டது. வெடிப்புக்கு முன்னால் ஒருவர் மூச்சைப் பிடிப்பது, பின்னால் பெயர் பெயராகக் கூப்பிட்டுப் பார்ப்பது, ஒரு பெயருக்கு மட்டும் பதில் வர நேரமாவது, இவை போதும். நடுவில் வெறும் அமைதியை விடுங்கள். அந்த அமைதிக்குள் என்ன இருந்தது என்று வன்னிக் காதுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அறிவிப்பாளர் தொடக்கத்திலேயே இது எதைப் பற்றிய நாடகம் என்று ஒரு வரியில் சொல்லிவிடட்டும், கேட்க முடியாதவர்கள் நிறுத்திவிடலாம்.

சத்தங்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். சுளகில் அரிசியை மெல்லச் சாய்த்து உருட்டினால் மழை. காய்ந்த காவோலையைக் கிழித்தால் யானை பற்றைக்குள் வருவது. ஈரமான சாக்கை வாளித் தண்ணீரில் அமுக்கி எடுத்தால் சேற்றில் நடப்பது. 1957 இல் பிபிசி ஒலிபரப்பிய சாமுவேல் பெக்கெற்றின் முதல் வானொலி நாடகத்தில் ஆடு மாடு கோழிச் சத்தங்களை உண்மையான மிருகங்களிடம் எடுக்காமல் மனிதர்களை வாயால் செய்யவைத்தார்கள், அது அந்த நாடகத்துக்கு ஒரு தனி உலகத்தைக் கொடுத்தது. உங்கள் ஊரிலும் மயில் மாதிரிக் கத்தக்கூடிய பொடியன் ஒருவனாவது இருப்பான். ஒரு காட்சிக்கு ஒரு பின்னணிச் சத்தம், ஒரு முன்னணிச் சத்தம் என்று வையுங்கள். கறிக்கு உப்புப் போல அளவாக இருக்கட்டும்.

நீளம்: நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் என்று கணக்கு வைத்து, அமைதிக்கும் சத்தத்துக்கும் இடம் விட்டால் 20 நிமிடத்துக்கு 1,600 சொல்லுக்கு மேல் போகாதீர்கள். எழுதி முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கும் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். "இப்ப யார் கதைக்கிறது?" என்று அவர் எங்கே கேட்கிறாரோ அங்கேதான் திருத்தம். நான்கு வரிக்கு மேல் ஒரு பாத்திரம் பேசாமல் இருந்தால், அவர் அறையில் இருப்பதையே கேட்பவர் மறந்துவிடுவார். ஒரு இருமல், ஒரு "ம்ம்" போதும்.

ஒலிப்பதிவுக்குச் சனசமூக நிலைய மண்டபம் வேண்டாம். தகரக் கூரையும் சீமெந்துச் சுவரும் குரலைத் திருப்பி அடிக்கும், கொட்டிலில் எதிரொலி வராது. பாய், தலையணை, நெல் மூட்டை அடுக்கியிருக்கும் ஒரு அறை சவோய் ஹில் திரைகளுக்கு ஈடாகும். நல்ல தொலைபேசி ஒன்று போதும். விசிறியை நிறுத்துங்கள். நடிகர்கள் பிரதியைப் புரட்டும் தாள் சத்தம் மழையைவிடப் பெரிதாக விழும், ஆகவே தாள்களைக் கட்டாமல் தனித்தனியாக வைத்து, வாசித்ததை மெல்லக் கீழே விடச் சொல்லுங்கள். முடிந்தால் நாடகத்தை நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஒருமுறை பதிவுசெய்து பாருங்கள். துண்டு துண்டாக எடுத்து ஒட்டியதில் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதறுவது அவ்வளவு நன்றாக வராது.

முதல் ஒலிபரப்பை ஒரு நிகழ்வாகவே செய்யுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் தொலைபேசியில் தனியாகக் கேட்டால் யாருக்கு எங்கே பிடித்தது, எங்கே சலித்தது என்று உங்களுக்குத் தெரியவராது. நிலையத்து முற்றத்தில் ஒலிபெருக்கி ஒன்றை வைத்து, பாய் விரித்து, வயதானவர்களைக் கூப்பிட்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். எழுதியவர் பின்வரிசையில் இருந்து ஆட்கள் எங்கே அசைகிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும், இரண்டாவது நாடகத்துக்கு அதுதான் பாடம். நாளைத் தெரிவுசெய்யும்போது அருவி வெட்டுக் காலத்தையும் வைகாசியில் வட்டாப்பளைப் பொங்கல் திங்கட்கிழமையையும் தவிருங்கள், அன்று ஊரில் ஆள் இருக்காது. மாரி தொடங்குவதற்கு முதல் ஒரு வெள்ளி இரவு, ஏழரைக்குப் பிறகு என்றால் நல்லது. பிரதி முடிந்ததும் அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.